கவர் வாசிக்கலாம், கவர் வாங்கலாமா?

பெரம்பூர் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 53. ரயில்வே பணிமனை ஒன்றில் டெக்னீஷியன். 1992-ல் கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்த ராக் பேண்டில் இவர் டிரம்ஸ். கல்லூரி விழாக்கள், கிறிஸ்துமஸ் இரவுகள் என்று கவர் (பிறர் பாட்டுகள்) வாசித்தார்கள். சொந்தமாக நான்கு பாட்டு போட்டு, கேசட்டாக்கிக் கையிலேயே விற்றார்கள். 1998-ல் வேலை, கல்யாணம் என்று குழு கலைந்தது. பாடகர் கனடா போய்விட்டார். இப்போது மற்ற நால்வரும் மறுபடி சேர்ந்திருக்கிறார்கள். பாட ஒரு இளைஞர் கிடைத்திருக்கிறார். கையில் மூன்று வாய்ப்புகள்: கொளத்தூர் மண்டபத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன், ராயபுரத்தில் தேவாலய மைதானத்தில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி, நகரின் தென்பகுதியில் மதுக்கூடத்தோடு கூடிய உணவகம் ஒன்றில் டிக்கெட் போட்டு ஒரு நிகழ்ச்சி. ஒத்திகை அயனாவரத்தில் கிட்டாரிஸ்ட் வீட்டு மொட்டை மாடியில், ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பதரைக்கு மேல்.

சிக்கல்கள் இவை. ‘வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதீங்க’ என்கிறார் மனைவி. கனடாக்காரர், ‘பேர் வெச்சது நான், அதை யூஸ் பண்ணாதீங்க’ என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர், ‘சாவு மோளம்கூட ஒரு நாளோட முடிஞ்சிடும்பா, உங்களது எப்ப முடியும்?’ என்று கேட்டுவிட்டுப் போலீசுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார். ‘நாங்கள் தொழில்முறைக் கலைஞர்கள் இல்லையே, அமெச்சூர்தானே, எங்களுக்கு ஏன் சார் சட்டமெல்லாம்?’ என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியில் பாதி சரி. அமெச்சூர்களுக்குச் சட்டம் சில சலுகைகளைத் தருகிறது, ஆனால் அவை பணத்தை எட்டியதும் நின்றுவிடுகின்றன. நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளில் மூன்றுக்கு விடை, யார் பணம் வாங்குகிறார், யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதில் இருக்கிறது. நான்காவது பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயமே இல்லை.

வேலைக்கு ஆபத்தா?

உங்களைக் கட்டுப்படுத்துவது ரயில்வே ஊழியர் (நடத்தை) விதிகள், 1966. அதில் 15-வது விதி தனியார் தொழிலையும் வேறு வேலையையும் பற்றியது. முன் அனுமதியில்லாமல் வியாபாரமோ வேறு வேலையோ செய்யக்கூடாது என்பது பொது விதி. அதே விதி, இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த பணிகளை எப்போதாவது செய்வதற்கு முன் அனுமதி தேவையில்லை என்றும் சொல்கிறது. டிரம்ஸ் வாசிப்பது கலைப்பணிதான். அதில் யாரும் வாதம் செய்ய முடியாது. வாதம் ‘எப்போதாவது’ என்ற சொல்லில்தான் வரும். வருடத்துக்கு நாலைந்து நிகழ்ச்சி என்றால் அது எப்போதாவது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே உணவகத்தில் வாசித்தால் அதற்குப் பெயர் இரண்டாவது வேலை. தவிர, நிறுத்தச் சொல்லி மேலதிகாரி உத்தரவிட்டால் நிறுத்தியே ஆக வேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடுவது அதன் அடுத்த பகுதியை. எந்தத் தனியாருக்குச் செய்த பணிக்கும் உரிய அதிகாரியின் அனுமதியில்லாமல் கட்டணம் வாங்கக்கூடாது. அதாவது, வாசிக்க அனுமதி வேண்டாம். பணக் கவர் வாங்க அனுமதி வேண்டும். ரிசப்ஷன் முடிந்ததும் மாப்பிள்ளையின் மாமா மேடைக்குப் பின்னால் வந்து கையில் திணிக்கிறாரே, அந்த வெள்ளைக் கவரும் கட்டணம்தான். ‘அன்பளிப்பு’ என்று மேலே எழுதியிருந்தாலும் கட்டணம்தான்.

‘என் பங்கை மனைவியின் கணக்கில் போடச் சொல்லிவிடலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உழைப்பு உங்களுடையது, பணம் அவர் பெயரில் என்றால், விசாரணை வரும்போது அனுமதி கேட்காத குற்றத்தோடு மறைத்த குற்றமும் சேரும். குடும்பத்தினர் தொழில் செய்தால் அதையும் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இந்த விதிகளே சொல்கின்றன. ஆக, அந்த வழியிலும் மறைவிடம் இல்லை.

உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. ஓய்வு பெறும் வரை காத்திருப்பது ஒன்று. இன்னும் ஏழு வருடம் ஆகும், நான் அதைச் சொல்ல மாட்டேன். இரண்டாவது, கட்டணமே வாங்காமல் வாசிப்பது. டிரம் செட்டை ஏற்றிப் போகும் குட்டியானை வாடகை, குச்சி, டிரம் ஹெட் (தோல்) செலவு ஆகியவற்றை ரசீதோடு திரும்பப் பெறுவது செலவை ஈடுகட்டுவதுதான். ரசீதுத் தொகைக்கு மேல் ஒரு ரூபாய் வந்தாலும் அது கட்டணம். மூன்றாவது, அனுமதி கேட்டு வாங்கிக் கட்டணம் பெறுவது. முதல் வருடம் கல்யாணத்துக்கும் தேவாலயத்துக்கும் இரண்டாவது வழி, டிக்கெட் நிகழ்ச்சிக்கு மட்டும் மூன்றாவது வழி என்பது என் யோசனை.

அனுமதி விண்ணப்பம் ஒரு பக்கம் போதும். நிகழ்ச்சித் தேதி, இடம், நேரம், அது உங்கள் ஓய்வு நாள் அல்லது முறையாக எடுத்த விடுப்பு நாள் என்பது, எதிர்பார்க்கும் தொகை, யார் தருகிறார்கள், தொடர் ஒப்பந்தம் எதுவும் இல்லை, பணிக்கு இடையூறு வராது. இவ்வளவுதான். ஒரு மாதம் முன்னதாகவே உங்கள் பிரிவு அதிகாரி வழியாக முறைப்படி அனுப்புங்கள். தேதி முத்திரையோடு ஒரு நகல் கையில் இருக்கட்டும். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நிகழ்ச்சிக்குக் கட்டணம் வாங்காமல் வாசித்துவிடுங்கள். அனுமதி உத்தரவில் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசுக்குச் செலுத்தும்படி நிபந்தனை இருக்கலாம். கடைசி வரி வரை படியுங்கள். வாங்கிய தொகை வருமான வரிக் கணக்கிலும் வர வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. மருத்துவ விடுப்பில் இருக்கும் நாளில் மேடை ஏறவே ஏறாதீர்கள். முன்பெல்லாம் யாராவது பார்த்துப் போய்ச் சொன்னால்தான் தெரியும். இப்போது முன்வரிசையில் நிற்பவர் தேதியோடு ரீல்ஸ் போட்டுவிடுகிறார். அடுத்தது, உணவகங்களில் பேண்டுக்கு இலவசமாக வரும் பீர். பொது இடத்தில் மது அருந்துவதை நடத்தை விதிகள் தனியாகவே கவனிக்கின்றன. மோர் கேளுங்கள், அல்லது சோடா.

யாருடைய பாட்டு, யாருடைய அனுமதி?

பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி ஒரு பாட்டைப் பொதுமக்கள் முன் நிகழ்த்தும் உரிமை, சொல் எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் (அல்லது அவர்களிடம் உரிமை பெற்றவருக்கும்) உரியது. அந்த உரிமை அவர்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் தொடரும். ஆகவே நீங்கள் வாசிக்கும் எழுபதுகளின் ஆங்கில ராக் பாட்டுகளும் தமிழ் சினிமாப் பாட்டுகளும் ஏறக்குறைய முழுக்க உரிமைக்கு உட்பட்டவை. ‘எட்டு ஸ்வரத்துக்கு மேல் எடுத்தால்தான் தப்பு’, ‘தாளத்தை மாற்றிவிட்டால் அது நம்முடையது’ என்பதெல்லாம் ஒத்திகை அறைகளில் மட்டும் செல்லுபடியாகும் சட்டங்கள்.

உங்கள் மூன்று நிகழ்ச்சிகளும் மூன்று விதம்.

கல்யாண ரிசப்ஷனுக்குக் கவலை வேண்டாம். 52-வது பிரிவில் மதச் சடங்குகளுக்கு விலக்கு உண்டு. திருமண ஊர்வலமும் திருமணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று சட்டமே விளக்கம் தருகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை அறிவிப்பாகவே வெளியிட்டது. மண்டபத்துக்கு யாராவது வந்து ராயல்டி கேட்டால் மண்டபக்காரர் அதைக் காட்டலாம்.

தேவாலய நிகழ்ச்சிக்கு இன்னொரு உட்பிரிவு. அமெச்சூர் குழு அல்லது சங்கம், காசு கொடுக்காத பார்வையாளர் முன் வாசித்தாலோ, ஒரு மத நிறுவனத்தின் நலனுக்காக வாசித்தாலோ உரிமை மீறல் ஆகாது. நீங்கள் சொல்லும் அமெச்சூர் சலுகை இதுதான். ‘அமெச்சூர்’ யார் என்று சட்டம் இலக்கணம் வகுக்கவில்லை. ஆனால் பேண்ட் நல்ல தொகை வாங்கிக்கொண்டு வாசித்துவிட்டு இந்தச் சலுகையையும் கேட்டால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை சுலபம். ராயபுரத்தில் யாருமே பணம் வாங்காதீர்கள். வேலைக்கும் நல்லது, பதிப்புரிமைக்கும் நல்லது.

உணவகத்தில் இந்த இரண்டு விலக்கும் இல்லை. ‘எங்களிடம் பிபிஎல் லைசென்ஸ் இருக்கிறது’ என்று மேலாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பிபிஎல் தருவது ஒலிப்பதிவுகளுக்கான உரிமம். டிஜே தட்டில் ஓடும் பாட்டுக்கு அது. நீங்கள் கையால் வாசிக்கும்போது அங்கே ஒலிப்பதிவே கிடையாது, பாட்டு மட்டும்தான் இருக்கிறது. அதற்கு வேண்டியது பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் உரிமம் தரும் ஐபிஆர்எஸ் உரிமம். வெளிநாட்டுச் சங்கங்களோடு உடன்பாடு இருப்பதால் ஆங்கிலப் பாட்டுகளில் பெரும்பகுதியும் அதற்குள் வரும். தமிழ் சினிமாவில் சிலர் தங்கள் உரிமையைத் தாங்களே கையாள்வதால், வாசிக்கப்போகும் பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்து எந்தப் பாட்டு உரிமத்துக்குள் வருகிறது என்று உணவகம் எழுத்தில் கேட்டுச் சொல்லட்டும். உரிமம் எடுப்பது நிகழ்ச்சி நடத்துபவர் வேலை என்பதே வழக்கம். ஆனால் ஒப்பந்தத்தில் அது எழுதப்படாவிட்டால், நோட்டீஸ் வரும்போது மேடையில் நின்றவர்கள் பெயரும் சேர்ந்தே வரும்.

மேடையில் வாசிக்கக் கிடைத்த விலக்கு, அதை வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றுவதற்குச் செல்லாது. அது தனி உரிமை.

பேரும் பழைய கேசட்டும்

‘பேர் வெச்சது நான்’ என்பதற்குச் சட்டத்தில் பெரிய எடை இல்லை. பெயருக்குப் பதிப்புரிமை கிடையாது. ஒரு பெயரை யார் பயன்படுத்தி மக்களிடம் மதிப்புச் சேர்த்தார்கள் என்பதே கேள்வி. 1992-லிருந்து 98 வரை அந்த மதிப்பைச் சேர்த்தது ஐந்து பேருமே. அதே நேரம், ‘நாங்கள்தான் முதலில் ஃபேஸ்புக் பக்கம் ஆரம்பித்தோம், அதனால் பெயர் எங்களுடையது’ என்று நீங்கள் நினைப்பதும் தவறு. பக்கம் திறப்பது உரிமைப் பத்திரம் ஆகாது. கனடாவில் அவர் அதே பெயரில் தொடர்ந்து பாடி வந்திருந்தால் அவர் கை கொஞ்சம் ஓங்கும். முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சண்டைக்கு முன் ஒரு மின்னஞ்சல் போதும்: இந்தியாவில் நாங்கள் நால்வரும் இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறோம், கனடாவில் நீ பயன்படுத்து, போஸ்டரில் உன் படம் போட மாட்டோம். ‘சரி’ என்று ஒரு வரி பதில் வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். போஸ்டர் விஷயத்தில் கறாராக இருங்கள். பழைய ஐவர் படத்தைப் போட்டு டிக்கெட் விற்றால், அவர் பாடுவார் என்று நம்பி வருபவரை ஏமாற்றியதாகிவிடும். அவர் கோபத்துக்கு உண்மையான காரணமும் அந்தப் படமாக இருக்கலாம். வாய்ஸ் மெசேஜை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

பெயரைப் பதிவு செய்ய நினைத்தால், பொழுதுபோக்குச் சேவைகள் 41-வது வகுப்பில் வரும். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். விண்ணப்பதாரராக உங்கள் பெயர் வேண்டாம். ஒரு வர்த்தகப் பெயரின் உடைமையாளர் என்று பதிவாவதும், எப்போதாவது கலைப்பணி செய்பவர் என்று மேலதிகாரியிடம் சொல்வதும் ஒன்றோடொன்று ஒட்டாது. அதே காரணத்தால், வரும் லாபத்தை ஐந்தாகப் பிரிப்பது என்ற ஏற்பாடும் உங்களுக்கு ஆகாது. பத்திரம் எழுதாவிட்டாலும், லாபத்தைப் பகிர்ந்துகொள்ளச் சேர்ந்து தொழில் செய்தால் 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கூட்டாண்மை என்று ஆகலாம். அப்போது வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர் எரிந்து போனால் அதன் கடனும் ஒவ்வொருவர் தலையிலும் முழுசாக விழும். அரசு வேலையில் இல்லாத ஒருவர் தன் பெயரில் ஒப்பந்தம் போட்டு, மற்றவர்களுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று நிலையான தொகை தரட்டும்.

அந்த நான்கு சொந்தப் பாட்டுகள். கேசட் உறையில் ‘சொல்லும் இசையும்’ என்று எழுதி எதிரே பேண்டின் பெயர் மட்டும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அன்றைக்கு அது அழகாகத்தான் இருந்திருக்கும். இன்றைக்கு அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நீங்கள் சொல்வதிலிருந்து பார்த்தால் சொல் எழுதியவர் பாடகர். மெட்டு கிட்டாரிஸ்டும் பேஸ் வாசிப்பவரும் சேர்ந்து போட்டது. டிரம்ஸ் வாசித்ததால் உங்களுக்கும் ஐந்தில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தத்தோடு சொல்கிறேன்: மெட்டுக்குத் தாளம் சேர்ப்பது பொதுவாக ஒருவரை இசையமைப்பாளர் ஆக்குவதில்லை. அந்தப் பதிவில் உங்களுக்கு இருப்பது, வாசித்தவர் என்ற முறையில் வரும் நிகழ்த்துநர் உரிமை. அதற்கு 50 வருடம் ஆயுள். சொல் பாடகருடையது என்பதால் அந்தப் பாட்டுகளை மேடையில் பாட அவர் சம்மதமும் வேண்டும். பெயருக்காக அனுப்பும் அதே மின்னஞ்சலில் இதையும் கேட்டுவிடுங்கள். சம்மதத்துக்கு அது போதும். பிறகு ஐவரும் பாட்டு வாரியாகச் சொல் யார், மெட்டு யார், யாருக்கு எவ்வளவு சதவீதம் என்று ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். உரிமையை ஒருவர் மற்றவருக்கு மாற்றிக் கொடுப்பதாக இருந்தால் வாய்ப்பேச்சு செல்லாது; கையெழுத்திட்ட எழுத்து கட்டாயம்.

மொட்டை மாடி

ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. ‘நாங்கள் ஸ்பீக்கர் வைக்கவில்லை, வெறும் டிரம்ஸ்தான்’ என்ற உங்கள் வாதம் எடுபடாது. இரவுத் தடை இசைக்கருவிகளுக்கும் சேர்த்தே. மூடிய அரங்குகளுக்கு அதில் விலக்கு உண்டு. திறந்த மாடிக்கு இல்லை. பகலிலும் அளவைவிடப் பத்து டெசிபல் கூடினால் அவர் புகார் கொடுக்கலாம். பாடகருக்காக ஸ்பீக்கர் வைத்தால் எந்த நேரமானாலும் எழுத்து மூல அனுமதி வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். டிரம் செட்டிலிருந்து ஒரு மீட்டரில் 100 டெசிபல் என்று வையுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஆறு குறையும். இரண்டு மீட்டரில் 94, நான்கில் 88, எட்டில் 82. அயனாவரத்துச் சந்தில் பெரியவரின் ஜன்னல் எட்டு மீட்டர் தள்ளியா இருக்கும்? முட்டை அட்டை ஒட்டி அறை கட்டலாம் என்ற யோசனையையும் விடுங்கள். முட்டை அட்டை அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும். வெளியே போகும் சத்தத்தை நிறுத்தாது. நிறுத்த கனமான சுவர் வேண்டும். காலால் அடிக்கும் கிக் டிரம்மின் அதிர்வோ தளம் வழியாகவே கீழ் வீட்டுக்கு இறங்கிவிடும்.

வாரத்தில் ஒரு முறை மணிக் கணக்கில் ஒரு ஜாம் ரூம் (வாடகை ஒத்திகை அறை) எடுங்கள். மற்றபடி மாலை ஷிப்ட் இல்லாத நாட்களில், மெஷ் ஹெட் (தோலுக்குப் பதில் வலை) போட்ட எலக்ட்ரானிக் கிட், கீழே தடித்த ரப்பர் பாய், எல்லோருக்கும் ஹெட்போன் என்று எட்டரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பெரியவரிடம் நீங்களே போய் நேரத்தைச் சொல்லி, உங்கள் போன் நம்பரும் கொடுத்துவிட்டு வாருங்கள். ராயபுரம் மைதானமும் திறந்தவெளிதான். ஒலிபெருக்கி அனுமதி வாங்கியாயிற்றா, பத்து மணியைத் தாண்டலாம் என்று அந்தத் தேதிக்கு அரசின் தளர்வு இருக்கிறதா என்று பாதிரியார் அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் ஒன்பதே முக்காலுக்குக் கடைசிப் பாட்டு.

உணவகத்தோடு ஒப்பந்தம்

வாட்ஸ்அப் போதாது, ஒன்றரைப் பக்கம் எழுதுங்கள். தொகை, பாதி அட்வான்ஸ், ரத்தானால் யாருக்கு எவ்வளவு, சவுண்ட் செக் எத்தனை மணிக்கு, தலா 45 நிமிடமாக இரண்டு செட், முடியும் நேரம், உரிமம் யார் எடுப்பது, சேதத்துக்கு யார் பொறுப்பு.

பெரும்பாலோர் எழுதாமல் விடும் ஒரு வரி மின்சாரம். கிட்டார் கம்பி ஆம்ப்ளிஃபயர் வழியாக ஒரு எர்த்தில் நிற்கிறது. பாடகர் உதடு படும் மைக் மிக்சர் வழியாக இன்னொரு எர்த்தில். ஒன்று உணவகத்தின் சுவர் பிளக்கிலும் மற்றது ஜெனரேட்டரிலும் இருந்து, ஏதாவது ஒரு எர்த் அறுந்திருந்தால், வாசித்துக்கொண்டே பாடுபவர் உடம்பு இரண்டுக்கும் நடுவே கம்பியாகிவிடும். ‘மேடையின் மின்சாரம் முழுவதும் முறையான எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து தரப்படும்’ என்று எழுதி வாங்குங்கள். சவுண்ட் செக்கில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறுமுனையை மைக் வலையிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சரிசெய்யும் வரை யாரும் எதையும் தொட வேண்டாம். இரைச்சல் வருகிறது என்று மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை உடைத்துப் போடும் பழைய பழக்கம் உங்கள் கிட்டாரிஸ்டுக்கு இருந்தால், அந்த பிளக்கை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.